எமிக்ரேட், இம்மிக்ரேட்: மலையகப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஆங்கிலத்தில் இரண்டு வினைச்சொற்கள் உண்டு. ஒன்று எமிக்ரேட், மற்றது இம்மிக்ரேட். ஒலியிலும் எழுத்திலும் இரட்டைப் பிள்ளைகளைப் போன்றவை. பத்திரிகை அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு மேசையில் பழுத்தவர்களே அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக்கிவிடுவது உண்டு. நாட்டை விட்டுப் போனவரை நாட்டுக்குள் வந்தவராக்கி அச்சேற்றிவிடுவார்கள். மறுநாள் காலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துத் திருத்துவார்.

விதி என்னவோ எளிதுதான். இரண்டுக்கும் வேர் ஒன்று. இடம்பெயர்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் முன்னே 'வெளியே' என்னும் பொருள் தரும் ஒட்டு வந்தால் எமிக்ரேட். 'உள்ளே' என்னும் பொருள் தரும் ஒட்டு வந்தால் இம்மிக்ரேட். முன்னதில் 'எம்' என்ற எழுத்து ஒன்று, பின்னதில் இரண்டு. முன்னது 'ஃப்ரம்' என்ற சொல்லைத் துணைக்கு அழைக்கும், பின்னது 'டு' என்ற சொல்லை அழைக்கும். பயணம் ஒன்றே, பயணியும் ஒருவரே. பார்ப்பவர் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது.

ஹட்டனுக்கு அருகே உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரிடம், இந்தச் சொற்களை எப்படி விளக்குகிறீர்கள் என்று அண்மையில் கேட்டேன்.

"இங்கிலாந்துக்காரர் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்க் குடியேறினார் என்று உதாரணம் சொல்லுவேன் சேர். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் மாற்றி எழுதுவார்கள்" என்றார்.

"உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பூட்டன், பூட்டியை உதாரணம் காட்டலாமே?" என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அதைச் சொன்னால் பிள்ளைகளின் மனம் நோகுமோ என்று பயமாக இருக்கிறது சேர். வெளியே போனால் வந்தான் வரத்தான் என்றுதானே கேட்கிறார்கள். வகுப்பிலுமா?"

அவருடைய அச்சம் நியாயமானது. ஆயினும் நான் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறேன். உலகில் வேறு எந்தப் பிள்ளைக்கும் தேவைப்படுவதைவிட, நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைக்கு இந்த இரு சொற்களின் வேறுபாடு திருத்தமாகத் தெரிந்திருக்க வேண்டும். அவன் குடும்பத்தின் நூற்றைம்பது ஆண்டுக் கதை இந்த இரு சொற்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்ட கதை.

முதலில் மொழியைப் பார்ப்போம். தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு புதிதே அன்று. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை இடங்களுக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்து வைத்தார். பேசுபவர் நிற்கும் இடத்தை ஒட்டி வினை மாறும் என்பது நம் இலக்கணத்தின் பழைய பாடம். வேற்றுமையும் கைகொடுக்கும். 'ஊரிலிருந்து' என்னும் ஐந்தாம் வேற்றுமையோடு சேர்வது எமிக்ரேட். 'ஊருக்கு' என்னும் நான்காம் வேற்றுமையோடு சேர்வது இம்மிக்ரேட். கடவுச்சீட்டு எடுக்கப் போகும் அலுவலகத்தின் பெயர்ப் பலகையிலும் விடை எழுதியிருக்கிறது: குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம். வரவு உள்ளே, அகல்வு வெளியே. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தவறினால் தடுமாறும் இடத்தில், தமிழ் இரண்டு வெவ்வேறு சொற்களைத் தந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறது. இங்கிலாந்துக்காரரைத் தேடி அவுஸ்திரேலியா வரை போவானேன்?

இனி வரலாறு. கோப்பிக் காலத்தில் வந்தவர்களுக்கு இந்த இரண்டு சொற்களுமே பொருந்தவில்லை. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். 'போய்விட்டு வருகிறோம்' என்று சொல்லிவிட்டுத்தான் அவர்கள் வீட்டுப்படி இறங்கியிருப்பார்கள். 'போகிறோம்' என்று சொல்லிப் புறப்படும் வழக்கம் தமிழனுக்கு இல்லை. வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானவர்களால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை.

1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி அழிந்து தேயிலை பரவியபோது வினைச்சொல்லும் மாறியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் வந்தன, லயங்களில் தங்கின, அங்கேயே பெற்றன, அங்கேயே புதைக்கப்பட்டன. ஊரிலிருந்து அகன்றதும் இங்கே குடிவந்ததும் அப்போதுதான் முழுமையாயின.

அந்த வரவில் ஒளிவு மறைவு எதுவும் இருந்ததில்லை. இராமநாதபுரத்துக் கரையில் மண்டபம் முகாமை இலங்கை அரசே நடத்தியது. தொற்றுநோய்ச் சோதனைக்காக அங்கே தடுத்து வைத்து, பிறகே கப்பலேற்றினார்கள். எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். இப்படி அரசாங்கத்தின் கண்ணெதிரே, எண் இடப்பட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துத்தான் 'கள்ளத்தோணி' என்று சொன்னார்கள். வகுப்பறையில் வரலாறு தெரிந்த பிள்ளை, தெருவில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கூனிக் குறுக வேண்டியதில்லை. ஆசிரியையின் அச்சத்துக்கு என் விடை இதுதான். மனம் நோகச் செய்வது அரைகுறையாகத் தெரிந்த வரலாறு.

1939இல் இந்திய அரசு தோட்ட வேலைக்காக இலங்கைக்கு ஆள் புறப்படுவதைத் தடை செய்தது. சுதந்திரத்தின்போது லயங்களில் வாழ்ந்தவர்களில் பெரும் பகுதியினர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். ஆனால் 1948ஆம் ஆண்டின் சட்டங்கள் அப்படிப் பார்க்கவில்லை. அவ்வாண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமைச் சட்டம். 20ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே குடிவருவோர், குடியகல்வோர் சட்டம். நம் இரு சொற்களும் ஒரே தலைப்பில் அமர்ந்திருக்கின்றன. பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? நீ எங்கே பிறந்தாய் என்பதோடு நிற்கவில்லை. உன் தந்தை இலங்கையில் பிறந்தாரா, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று கேட்டது. பிறப்பைப் பதிந்து வைக்காத லயத்து வாழ்க்கையில் அதற்கு எந்தப் பத்திரத்தைக் காட்டுவது? 1949இன் இந்தியர், பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரை உரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய ஒரு இலட்சத்து 34 ஆயிரம் பேர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1949இல் வாக்குரிமையையும் இழந்தார்கள்.

அடுத்து 1964 அக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றது. அந்த மீதியையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. வெளியேறியவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அக்கரையில் அவர்களுக்கு அரசு கொடுத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஹட்டனில் பிறந்து, இந்தியாவைக் கண்ணால் காணாத ஒருவர் அங்கே எப்படித் 'திரும்ப' முடியும்? நீலகிரியில் அவர்கள் இன்றும் சிலோன்காரர்கள். ஒரு கரை இந்தியர் என்றது, மறு கரை சிலோன்காரர் என்றது.

மண்டபம் முகாமின் கதையைச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் பாடம் மறக்காது. முன்னோர் ஊரை விட்டு அகன்றது அந்த வழியாக. ஒப்பந்தத்தின் பின் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வந்திறங்கியதும் அங்கேதான். போர்க்காலத்தில் அகதிகள் வந்து தங்கியதும் அங்கேயே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் படகேறிப் போனவர்களையும் அங்கேதான் வைத்தார்கள். இடம் ஒன்று. அங்கே வந்து போனவர்களுக்கு வாய்த்த வினைச்சொற்கள்தாம் எத்தனை!

இவ்வளவையும் ஆங்கில வகுப்பில் நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். நடத்த வேண்டியதில்லை. ஒரு பாடவேளை போதும். நான்கு கேள்விகளைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டு போகட்டும். நம் குடும்பத்தில் கடல் கடந்தவர் யார்? எங்கிருந்து? எங்கே? ஏறத்தாழ எப்போது? மறுநாள் ஒவ்வொருவரும் இரண்டு வாக்கியம் எழுதட்டும். பூட்டன் திருச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எமிக்ரேட் செய்தார், இலங்கைக்கு இம்மிக்ரேட் செய்தார். மூன்றாவது வாக்கியம்தான் முக்கியம். அதில் 'நான்' எழுவாயாக வரட்டும். 'நான்' என்று தொடங்கினால் அந்த இரண்டு வினையும் பொருந்தா என்பதைப் பிள்ளை தானே காண்பான். நான் டிக்கோயாவில் பிறந்தேன், அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது இதுவே. வினைக்கு ஓர் எழுவாய் உண்டு. கடலைக் கடந்தவர் எவரோ அவரே அந்த வினைக்கு எழுவாய். அது சொத்தைப் போலத் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதில்லை. 1948இன் சட்டம் செய்த பெரும் இலக்கணப் பிழை அது. பூட்டன் செய்த வினையைப் பேரன் தலையில் ஏற்றியது. 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் நாடற்றவர்களாய் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமையைத் தந்து அப்பிழையைப் பெருமளவு திருத்தின. 1911 குடிசனக் கணக்கெடுப்பில் தனிப் பிரிவான 'இந்தியத் தமிழர்' என்னும் பெயரோ, நூறாண்டு கடந்து 2012 கணக்கெடுப்பிலும் தொடர்ந்தது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்து காட்டினார்களே, அந்த நடையின் செய்தியும் இதுதான்: வந்தது அவர்கள், இந்நாட்டவர் நாங்கள்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து இதை வாசிக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். குடிவந்தவர் நீங்கள். ஸ்காபரோவில் பிறந்த உங்கள் மகள் குடிவந்தவள் அல்லள். நாளை அங்கே யாரேனும் அவளை அப்படி அழைத்தால், அவள் கோபப்பட வேண்டாம். ஆங்கில இலக்கணத்தைச் சொல்லித் திருத்தினால் போதும். அதைத்தான் ஹட்டன் பிள்ளையும் கற்றுக்கொள்ளட்டும் என்கிறேன்.