சைக்கிள் மிதிப்பதைச் செல்போன் கணக்கு வைக்குமா?

''தினமும் இருவேளையும் தோட்டத்திலிருந்து சைக்கிளில் போய் சொசைட்டியில் பால் ஊற்றுகிறேன். எவ்வளவு தூரம் மிதிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்கிறார். செல்போனே தானாகக் கணக்கு வைக்குமா?''

- வாசகர், கிணத்துக்கடவு.

வைக்கும். கூகுள் மேப்ஸில் 'டைம்லைன்' வசதியை இயக்கி, இருப்பிட அனுமதியும் கொடுத்துவிட்டால் போதும். நடையா, சைக்கிளா, மோட்டார் வண்டியா என்பதை அதுவே ஊகித்து, தூரத்தைக் குறித்துக்கொள்ளும். தவறாகக் குறித்தால் திருத்திக்கொள்ளலாம். ஸ்ட்ராவா செயலியில், கிளம்பும்போது பதிவுப் பொத்தானை அழுத்தி, வந்ததும் நிறுத்த வேண்டும்.

ஜி.பி.எஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதால், டவர் கிடைக்காத இடத்திலும் பதிவாகும். அடர்ந்த தென்னந்தோப்புக்குள் சில மீட்டர் பிசகலாம். பேட்டரி சேமிப்பு 'ஆன்' ஆகியிருந்தால் பதிவு பாதியில் விட்டுப்போகும். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பதிவான தடத்தைப் பொதுவில் பகிரவே கூடாது. ஸ்ட்ராவா 2017-ல் வெளியிட்ட வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடத்தை வைத்தே ஆப்கானிஸ்தான், சிரியாவில் இருந்த ராணுவ முகாம்கள் அடையாளம் தெரிந்துவிட்டன. நம் பக்கத்திலோ, ஒதுக்குப்புறத் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் பல்லடம் அருகே 2024-லும், சிவகிரி அருகே 2025-லும் கொல்லப்பட்டார்கள். தினசரித் தடம், சாளை எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் ஆள் இருக்காது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எனவே, ஸ்ட்ராவாவில் பதிவை 'எனக்கு மட்டும்' என்று மாற்றி, தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைத்து வையுங்கள். டாக்டருக்குத் தேவை கிலோமீட்டர் கணக்கு மட்டுமே. அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும்.