கிணற்றைக் கெடுத்தவரே கணக்குப் பார்ப்பதா?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள ஓக்கி சிறிய ஊர். ராணுவ ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பயிற்சி தரும் தளம் அங்கே இருக்கிறது. சுற்றிலும் விவசாயிகளும் மாடு வளர்ப்போரும் ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருந்தார்கள். அந்த நீரைக் குடிக்க வேண்டாம் என்று 2014-இல் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு நியூ சவுத் வேல்ஸில் வில்லியம்டவுன் விமானப்படைத் தளத்தை ஒட்டி வாழ்வோருக்கும் அதே செய்தி போனது. பிறகு டிண்டல் தளத்தை அடுத்த கேத்தரின் நகரம். மூன்று இடங்களிலும் நிலத்தடி நீரைக் கெடுத்தது தீயணைப்பு நுரை.

விமான எரிபொருள் பற்றி எரியும்போது தண்ணீர் பீய்ச்சிப் பயனில்லை; எண்ணெய் மேலே மிதந்து எரிந்துகொண்டே இருக்கும். அதற்காக 1960-களில் அமெரிக்கக் கடற்படையும் 3எம் நிறுவனமும் உருவாக்கியதுதான் இந்த நுரை. எண்ணெயின் மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து காற்றை மறித்துவிடும். 1967-இல் ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் மூண்ட தீயில் 134 பேர் மாண்டதை அறிந்தவர்கள், இப்படியொன்று எதற்கு என்று கேட்க மாட்டார்கள். நாமும் கேட்கவில்லை. கேள்வி, பயிற்சி நடந்த விதத்தைப் பற்றியது. குழியில் எரிபொருளை ஊற்றுவார்கள், கொளுத்துவார்கள், நுரை அடித்து அணைப்பார்கள். முடிந்ததும் மிச்ச நுரை அப்படியே மண்ணில் ஊறும், வாய்க்காலில் வழியும். இப்படியே பல ஆண்டுகள். நுரையில் உள்ள பி.எஃப்.ஓ.எஸ். போன்ற வேதிப்பொருட்கள் வெயிலில் அழியாது, மண்ணில் மக்காது. மனித உடலுக்குள் போனால் பாதியளவு குறையவே சில ஆண்டுகள் ஆகும். வில்லியம்டவுனோ மணற்பாங்கான பூமி. நிலத்தடி நீர் அங்கே கைக்கெட்டும் ஆழத்தில் கிடக்கிறது.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல இடமில்லை. இந்த வேதிப்பொருளைக் கைவிடுவதாக 3எம் நிறுவனமே 2000-இல் அறிவித்துவிட்டது. 2003-இல் பாதுகாப்புத் துறையின் உள் அறிக்கையே ஆபத்தை எடுத்துச் சொன்னது. பழைய நுரையை மாற்றும் வேலை 2004-இல் தொடங்கியது. வில்லியம்டவுன் விவகாரம் 2012-லேயே மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்தின் காதுக்குப் போய்விட்டது. அந்த நீரைக் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்தது 2015 செப்டம்பரில். கோப்புகளுக்கு அவசரம் இருப்பதில்லை.

கிணற்று நீரைக் குடிக்காதே, வீட்டுக் கோழியின் முட்டையைத் தின்னாதே, கழிமுகத்தில் மீன் பிடிக்காதே என்று அரசு சொன்னது. நோய் வரும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று சொன்னதும் அதே அரசுதான். அரசு அமைத்த நிபுணர் குழு 2018-இல் கிட்டத்தட்ட அப்படித்தான் கூறியது. 2021-இல் வெளியான ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வு, மூன்று ஊர் மக்களின் ரத்தத்தில் இந்த வேதிப்பொருட்கள் கூடுதலாக இருப்பதையும் கொழுப்பு அளவோடு அதற்குள்ள தொடர்பையும் காட்டியது. மற்ற நோய்கள் குறித்து உறுதியாக எதையும் சொல்லவில்லை. 2023-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இதே வகையைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ.வைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றும், நுரையில் அதிகம் இருந்த பி.எஃப்.ஓ.எஸ்.ஸை அதற்கு வாய்ப்புள்ள பொருள் என்றும் வகைப்படுத்தியது. பீதியைக் கிளப்ப இது போதாது. ஆனால் 'கவலை வேண்டாம்' என்று கடிதம் அனுப்பிவிட்டுக் கோப்பை மூடவும் இது போதாது.

நம் ஆட்சேபம் இன்னும் அடிப்படையானது. ராணுவத் தளம் மத்திய அரசின் நிலம். மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்தின் அதிகாரம் வேலிக்கு வெளியே நின்றுவிடுகிறது. குயின்ஸ்லாந்து அரசு 2016-இல் இந்த வகை நுரைக்குத் தடைக் கொள்கை கொண்டுவந்தது. தனியார் கிடங்குகள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். இதே குற்றத்தை ஓர் எண்ணெய்க் கிடங்கு செய்திருந்தால் ஆணையம் உத்தரவிட்டிருக்கும், அபராதம் விதித்திருக்கும், நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கும். பாதுகாப்புத் துறை விஷயத்தில் ஆய்வு நிறுவனத்தை அமர்த்துவதும் கூலி கொடுப்பதும் சுத்திகரிப்புத் திட்டத்தை வகுப்பதும் அந்தத் துறையே. தளங்களில் நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் ஆலைகளை அது நிறுவியிருக்கிறது, பல வீடுகளுக்குக் குழாய் நீரும் கொடுத்திருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போதுமா, போதாதா என்று தீர்ப்பு எழுதுவதும் அதே கை என்றால், அந்தத் தீர்ப்பை யார் நம்புவார்கள்?

மக்கள் நீதிமன்றம் போய்த்தான் பணம் வந்தது. மூன்று ஊர்களுக்கும் சேர்த்து 2020-இல் 21.25 கோடி ஆஸ்திரேலிய டாலர். மேலும் ஏழு இடங்களுக்கு 2023-இல் 13.27 கோடி. வழக்குச் செலவும் வழக்குக்குப் பணம் போட்ட நிறுவனத்தின் பங்கும் போக மீந்ததே வீட்டுக்காரர் கைக்கு வந்தது. அதுவும் நிலத்தின் மதிப்பு சரிந்ததற்கு. ரத்தத்தில் ஏறியதற்கு அல்ல.

சுவீடனின் ரொன்னபி நகராட்சியில், விமானப்படைத் தளத்தின் அருகே உள்ள கல்லிங்கே ஊரிலும் இதே நுரைதான் குடிநீரில் கலந்தது. 2013 டிசம்பரில் உண்மை தெரிந்ததும் நீரேற்று நிலையத்தை மூடினார்கள். சரியாகப் பத்தாண்டு கழித்து, ரத்தத்தில் இவ்வளவு வேதிப்பொருள் ஏறியிருப்பதே உடல் பாதிப்புதான், நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேடிக்கை என்னவென்றால், அங்கே கூண்டில் நின்றது விமானப்படை அல்ல, நீரை விநியோகித்த நகராட்சி நிறுவனம்.

கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய மத்திய அரசு செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. ராணுவத் தளங்களின் மாசு விஷயத்தில் உத்தரவிடவும் தண்டிக்கவும் பாதுகாப்புத் துறைக்குக் கட்டுப்படாத ஓர் ஆணையத்துக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். குடிநீரில் பி.எஃப்.ஓ.எஸ்.ஸும் அதன் உறவுப் பொருளான பி.எஃப்.எச்.எக்ஸ்.எஸ்.ஸும் சேர்ந்து லிட்டருக்கு 70 நானோகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த வழிகாட்டி அளவு 2025-இல் மாறி, பி.எஃப்.ஓ.எஸ்.ஸுக்கு மட்டும் 8 நானோகிராம் என்றாகிவிட்டது. பழைய அளவை நம்பி 'உங்கள் கிணறு பரவாயில்லை' என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு வீட்டின் நீரையும் மீண்டும் சோதிக்க வேண்டும். விரும்புவோருக்கு ரத்தப் பரிசோதனையும் தொடர் மருத்துவக் கண்காணிப்பும் அரசுச் செலவில் கிடைக்க வேண்டும். விற்கவும் முடியாமல் விட்டுப் போகவும் முடியாமல் இருப்பவர்களின் நிலத்தை நியாயமான விலைக்கு அரசே வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கை நமதல்ல. வில்லியம்டவுனில் பயனற்றுப்போன நிலங்களை உரிமையாளர் சம்மதத்துடன் வாங்கிக்கொள்ளும்படி ஆஸ்திரேலிய செனட் குழு பரிந்துரைத்தது 2016 பிப்ரவரியில்.