தக்காளி நம் கையில், பட்டா யார் கையில்?

ஓசூர்ப் பக்கம் போனால் சாலையோரமெங்கும் பசுமைக்குடில்கள். ரோஜா, குடைமிளகாய், தக்காளி என்று உள்ளே பணப்பயிர் விளைகிறது. தக்காளிக் கொடியை நூலில் ஏற்றிக் கட்டுவது, பக்கக் கிளைகளைக் கிள்ளுவது, காற்று அதிகம் புகாத குடிலில் பூங்கொத்தைத் தட்டி மகரந்தம் உதிரவைப்பது, பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவது என எல்லா வேலையும் காலனியிலிருந்து கூலிக்குப் போகும் நம் பெண்களுக்கு அத்துப்படி. தொழில் தெரியாமல் நாம் பின்தங்கவில்லை.

பசுமைக்குடில் அமைக்க அரசு 50 சதவீத மானியம் தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின சிறு, குறு விவசாயிகளுக்கு 20 சதவீதம் கூடுதல் மானியமும் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் விண்ணப்பத்துடன் முதலில் கேட்பது சிட்டாவும் அடங்கலும். நிலமே இல்லாதவர் எந்தச் சிட்டாவைக் காட்டுவார்? 2011 கணக்கெடுப்புப்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். சாகுபடி நிலத்தில் நம் பங்கு 10 சதவீதத்துக்கும் குறைவு. 1892இல் ஆங்கில அரசு நமக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் எங்கெங்கோ, யார் யார் பெயரிலோ கிடக்கிறது.

நிலம் இருந்தாலும் கணக்கு இடிக்கிறது. ஆயிரம் சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 25 சென்ட். சதுர மீட்டருக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலே 10 லட்சம் ஆகும். குடில் எழும்பி, அதிகாரி பார்வையிட்ட பிறகுதான் பெரும்பாலும் மானியம் வரும். அதுவரை பணத்தை யார் போடுவது? பிணையில்லா விவசாயக் கடனுக்கு உச்சவரம்பு 2 லட்சம்தான். மிச்சத்துக்குக் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டும்.

விலையும் நிலையில்லாதது. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்றது. செப்டம்பரில் விலை விழுந்து, பறித்த கூலிகூடக் கட்டவில்லை. கையிருப்பு உள்ளவர் அடுத்த பட்டத்துக்குக் காத்திருப்பார். கடனில் குடில் போட்டவர் என்ன செய்வார்?

ஆகவே மானியத்தை மட்டும் கூட்டிப் பயனில்லை. நம் பெண்கள் விவசாய நிலம் வாங்க 5 லட்சம் வரை மானியம் தரும் நன்னிலம் திட்டம் 2023 முதல் தாட்கோ வழியாக நடக்கிறது. அதில் நிலம் பெறுவோருக்கே பசுமைக்குடிலும் முன்பணமும் சேர்த்துக் கொடுக்கட்டும். பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்தால் விதை, உரம் வாங்குவதிலிருந்து சந்தைக்கு வண்டி பிடிப்பது வரை செலவு குறையும். குத்தகை நிலத்தில் பயிரிடுவோரையும் பயனாளியாக ஏற்கட்டும். பஞ்சமி நிலத்தை மீட்டு நம்மிடமே ஒப்படைக்கட்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் பசுமைக்குடில் மானியம் பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலைக் கிராம சபையில் உரக்கப் படியுங்கள். குடிலுக்குள் கூலியாகப் போகும் அம்மாவும் அங்கே உட்கார்ந்து கேட்கட்டும்.