போடாத மேல்முறையீடு

செஞ்சி வட்டத்தில் பட்டா மாறுதலுக்குப் பணம் கேட்ட கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் சிக்கினால் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். விழுப்புரத்திலிருந்து லஞ்ச ஒழிப்புத் துறையினர் வருவார்கள். ரசாயனப் பொடி தடவிய நோட்டை வாங்கிய விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கச் சொல்வார்கள். கரைசல் இளஞ்சிவப்பாகும், கைது, பணியிடைநீக்கம் எல்லாம் அடுத்தடுத்து நடக்கும். இதே மாவட்டத்தில் அமைச்சராக இருந்தவர் மீதான வழக்கு அப்படி நகர்வதில்லை. அதன் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கோட்டையில் யார் இருக்கிறார்கள் என்பதே.

தி.மு.க. முன்னாள் அமைச்சர் க. பொன்முடி மீதான இரண்டு சொத்துக்குவிப்பு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் அ.தி.மு.க. ஆட்சியில் பதிவானவை, ஒன்று 2002இல், மற்றது 2011இல். இரண்டிலும் விசாரணை நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2016 ஏப்ரலில் விழுப்புரம் நீதிமன்றம் விடுவித்தபோது அ.தி.மு.க. ஆட்சி, லஞ்ச ஒழிப்புத் துறை மேல்முறையீட்டுக்குப் போனது. அதன் விளைவாக 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2023 ஜூன் 28 அன்று வேலூர் நீதிமன்றம் மற்ற வழக்கில் விடுவித்தபோது அவரே அமைச்சர், துறை அசையவில்லை. 172 சாட்சிகளும் 381 ஆவணங்களும் கொண்ட வழக்கில், நான்கே நாளில் 226 பக்கத் தீர்ப்பு வந்ததைச் சுட்டிக்காட்டி, உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 ஆகஸ்டில் தாமாகவே மறுஆய்வுக்கு எடுத்தார். அதே துறை, அதே மனிதர், அதே வகைக் குற்றச்சாட்டு. மாறியது ஆட்சி மட்டும்தான்.

இது ஒரு கட்சியின் நோயல்ல. ஓ. பன்னீர்செல்வம் மீது தி.மு.க. ஆட்சியில் 2006இல் பதிவான வழக்கு, அவர் அப்போது இருந்த அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின் 2012 டிசம்பரில் சிவகங்கை நீதிமன்றத்தில் திரும்பப் பெறப்பட்டது. 2023இல் உயர் நீதிமன்றம் கையில் எடுக்கும்வரை அதைத் தொட்டவர் இல்லை. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கிலோ 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பின் 76 அரசுத் தரப்புச் சாட்சிகள் மறுபடி அழைக்கப்பட்டு, 64 பேர் பல்டி அடித்தார்கள். அரசு வழக்கறிஞர் வாய் திறக்கவில்லை. வழக்கையே 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அரசியல் தலையீடு என்றால் மிரட்டலையும் தொலைபேசி அழைப்பையும் நினைக்கிறோம். அதைவிடப் பாதுகாப்பானது சும்மா இருப்பதுதான். சும்மா இருந்ததற்குச் சாட்சியும் இருக்காது, கோப்பில் கையெழுத்தும் இருக்காது.

விடுதலை ஆனவர் நிரபராதிதானே, அவரை மேலும் துரத்துவது பழிவாங்கல் ஆகாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எதிர்க்கட்சிக்காரர்கள் மீது மட்டும் மேல்முறையீடு பாய்ந்தால் அது பழிவாங்கலேதான். ஆகவே அந்த முடிவை ஆளும் அமைச்சரவையின் கீழுள்ள துறையிடம் விடக் கூடாது என்பதே என் வாதம். வேலூர் வழக்கு விழுப்புரத்திலிருந்து அங்கே போனது உயர் நீதிமன்றத்தின் நிர்வாக உத்தரவால்தான், அரசால் அல்ல என்பதும் உண்மை. நீதித்துறையின் நிர்வாகமும் கேள்விக்கு உட்பட்டதே. ஆனால், அது அரசின் மௌனத்துக்குச் சமாதானமாகாது. நீதிமன்றம் தானாக முன்வருகிறதே, போதாதா என்றால், ஒரு நீதிபதியின் அக்கறையை நம்பி எத்தனை வழக்குகளை விட்டுவைக்க முடியும்?

2018இல் தமிழ்நாடு கொண்டுவந்த லோக் ஆயுக்தா சட்டம் பரிந்துரைப்பதோடு நின்றுவிடுகிறது. கர்நாடகத்திலோ ஊழல் தடுப்புப் பிரிவை 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்துசெய்து, விசாரணை அதிகாரத்தை லோக் ஆயுக்தாவிடமே திருப்பித் தந்தது. அந்த அளவுக்குப் போக மனமில்லாவிட்டாலும் ஒன்றைச் செய்யலாம்: அமைச்சராக இருந்தவர் ஊழல் வழக்கிலிருந்து விடுபடும்போது மேல்முறையீடு வேண்டாம் என்று முடிவெடுத்தால், எடுத்தவர் யார், என்ன காரணம் என்பதைக் கெடு முடியும் முன்பே அரசு எழுத்தில் வெளியிடட்டும்.