மிச்சக்கால் நாய்க்கு உதவுமா?

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அங்கே நாய் அடிபடுவது புதிதல்ல. தப்பிப் பிழைக்கும் நாய்கள் சிலவற்றுக்குக் காலின் கீழ்ப்பகுதி மட்டும் போயிருக்கும். சில குட்டிகள் பிறவியிலேயே அப்படிப் பிறப்பதும் உண்டு. ‘மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றுங்கள்’ என்று வீட்டார் கேட்பார்கள். மருத்துவரோ, இன்னும் மேலே எடுத்துவிடலாம் என்பார். கேட்க இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் அதற்குத் தக்க காரணம் உண்டு.

முதலில் அவசரம் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். அடிபட்ட அன்று காலைவிட உயிர்தான் முக்கியம். இரத்தப்போக்கை நிறுத்த வேண்டும். வலியைக் குறைக்க வேண்டும். நெஞ்சிலும் வயிற்றிலும் உள்காயம் உண்டா என்று பார்க்க வேண்டும். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரைகளை வீட்டில் கொடுக்கக் கூடாது. இபுப்ரோஃபென் போன்றவை நாய்க்கு நஞ்சாகும். நாயின் நிலை தேறிய பிறகே காலைப் பற்றிய முடிவு.

அடுத்து, எடை. நிற்கும் நாயின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன, மீதியைப் பின்னங்கால்கள். அதனால் பின்னங்கால் இழந்த நாய்க்குச் சமாளிப்பது சற்று எளிது. முன்னங்கால் ஒன்று போனால், மற்றொன்று எடையில் பாதியை ஒட்டித் தாங்க வேண்டியிருக்கும்.

இனி, மீந்திருக்கும் பகுதி. அதை மிச்சக்கால் என்போம். நாயின் பாதத்தில் தடித்த மெத்தை இருக்கிறது. மிச்சக்காலின் நுனியில் அது இல்லை; எலும்பின் மேல் மெல்லிய தோல்தான். நாய் அதை ஊன்றப் பார்க்கும். சிமென்ட் தரையிலும் சரளையிலும் உரசித் தோல் கிழியும். நாய் நக்கும், சீழ் பிடிக்கும், ஈ மொய்த்துப் புழு வைக்கும். எலும்புவரை தொற்று இறங்கவும் கூடும். அதனால்தான் மருத்துவர்கள் பொதுவாக முன்னங்காலைத் தோள்பட்டை எலும்போடும், பின்னங்காலைத் தொடையின் மேல்பகுதியிலும் எடுக்கிறார்கள். ஊன்ற எதுவும் இல்லாதபோது, நாய் மூன்று காலில் நடக்கக் கற்றுக்கொள்கிறது. பெரும்பாலானவை ஓரிரு நாளில் எழுந்துவிடும். சில வாரங்களில் ஓடவும் செய்யும்.

மிச்சக்காலைக் காப்பாற்றுவதில் பொருள் இருப்பது, செயற்கைக் கால் பொருத்த முடியும்போதுதான். அதற்கு முன்னங்காலில் முழங்கையும், பின்னங்காலில் முழங்காலும் நன்றாக மடங்க வேண்டும். அவற்றுக்குக் கீழே பாதியளவு எலும்பாவது இருந்தால் செயற்கைக் காலின் உறை பிடித்து நிற்கும். இது புதுமையும் அல்ல. 2014-இல் அமெரிக்காவில், முன்னங்கால்கள் முழுதாக வளராமல் பிறந்த டெர்பி என்ற நாய்க்கு முப்பரிமாண அச்சில் செய்த கால்களைப் பொருத்தினார்கள். ஜெய்ப்பூர்க் கால்நடை மருத்துவர் தபேஷ் மாத்தூர், ‘கிருஷ்ணா லிம்ப்’ என்ற பெயரில் மாடு முதலிய விலங்குகளுக்குச் செயற்கைக் கால் செய்கிறார்.

ஆனால் பொருத்தியதோடு வேலை முடியாது. உறை, புதுச் செருப்பைப் போலக் கடிக்கும். தினமும் கழற்றித் துடைக்க வேண்டும், தோலைப் பார்க்க வேண்டும். குட்டி வளர வளர உறையையும் மாற்ற வேண்டும். காலை முதல் இரவுவரை ஆள் இல்லாத வீட்டில் இது நடக்காது.

எனவே மருத்துவர் பார்ப்பது காலை மட்டும் அல்ல. மற்ற மூன்று கால்களும் மூட்டுகளும் நலமா? நாயின் எடை என்ன? மெலிந்த நாட்டு நாய் மூன்று காலில் எளிதில் பழகும். கொழுத்த லாப்ரடாருக்குப் பாடு அதிகம். கால்களின் நிலையை அறிய எக்ஸ்ரேயும் நரம்புப் பரிசோதனையும் தேவை. 1985 முதல் இயங்கும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இப்பகுதிக்கு அருகிலேயே இருப்பது நல்வாய்ப்பு.

தெருநாய் என்றால் சட்டமும் உண்டு. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள், குணமாக்க முடியாத நோயோ உயிர் பிழைக்க முடியாத காயமோ உள்ள நாய்களுக்கே கருணைக்கொலையை அனுமதிக்கின்றன. அதையும் அதற்கென அமைந்த குழு உறுதிசெய்ய வேண்டும். கால் குறைந்தது என்பது மட்டும் காரணமாகாது.

ஆக, எவ்வளவு கால் மிச்சம் என்பதைவிட, அந்த மிச்சம் புண்ணாகாமல் எடை தாங்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. புண் இல்லாமல், வலி இல்லாமல் நடக்கும் நாயை அப்படியே விடலாம். அவ்வப்போது தோலைக் கவனித்தால் போதும். மூட்டு நன்றாக இருந்து, தினமும் கவனிக்க ஆளும் இருந்தால் செயற்கைக் காலைப் பற்றி யோசிக்கலாம். இந்த இரண்டு வழிகளும் இல்லாதபோது, மேலே எடுத்துவிடுவதே பெரும்பாலும் நாய்க்குச் சுகம். எடுத்த காலைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், காயம் ஆறும் நிலையில் இருந்தால் சில நாள் பொறுத்து, இன்னொரு மருத்துவரிடமும் கேட்டு முடிவெடுப்பதில் தவறில்லை.