பக்கத்துச் செடியை வாழவிடாத பார்த்தீனியம்

புளிய மரத்தடியில் பயிர் வராது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். நிழல் மட்டும் அதற்குக் காரணமல்ல. சில செடிகளும் மரங்களும் வேராலும் உதிர்ந்த இலையாலும் மண்ணில் ஒருவித ரசாயனத்தைக் கலந்து, அக்கம்பக்கத்து விதைகளை முளைக்கவிடாமல் தடுக்கின்றன. 1937-ல் ஹான்ஸ் மோலிஷ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி இந்த வினைக்கு 'அல்லெலோபதி' என்று பெயரிட்டார்.

இதைக் காண ஊருக்குப் போக வேண்டாம். மழை தொடங்கியதும் நம் ரயில் பாதையோரத்தையும் காலி மனைகளையும் பாருங்கள். கேரட் இலை போன்ற இலையும், சின்னஞ்சிறு வெள்ளைப் பூவுமாக நிற்பது பார்த்தீனியம். மராத்தியர் இதை 'காஜர் கவத்' என்றும் 'காங்கிரஸ் கவத்' என்றும் சொல்வார்கள். மெக்சிகோ பக்கத்துச் செடியான இது, 1950-களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டது. அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பது பொதுவான பேச்சு. இன்று நாடெங்கும் பரவிவிட்டது.

இதன் இலையில் உள்ள 'பார்த்தீனின்' என்ற பொருள் மழைநீரில் கரைந்து மண்ணில் இறங்குகிறது. அதனால் மற்ற விதைகளின் முளைப்பும் வேரும் குன்றுகின்றன. பயறு வகைகளின் வேர்முடிச்சும் கெடுகிறது. இதன் மகரந்தம் தக்காளி, மிளகாய்ப் பூக்களில் படிந்தால் காய்ப்பு குறைகிறது. ஒரே செடி 10,000-க்கும் மேல் விதை உதிர்க்கும் என்றால், பாதையோரத்தில் கீரை போட்டுப் பிழைப்பவன் என்ன செய்வான்?

செடிக்கு மட்டுமல்ல, மனிதனுக்கும் இது ஆகாது. அடிக்கடி தொடுவோருக்குத் தோல் தடித்து அரிக்கும். சிலருக்கு மூச்சிரைப்பும் வரும். எங்கள் குடியிருப்பில் சில வாரம் தொடர்ந்து சிரமதானம் செய்த இளைஞர் இருவருக்குக் கை புண்ணாகி, கூலி வேலைக்கே போக முடியாமல் போயிற்று. கையுறை வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கூலிக்குக் களை பிடுங்குவோரும் வெறுங்கையோடுதான் நிற்கிறார்கள். ஒரு ஜோடி கையுறைக்குக் கணக்குப் பார்ப்பது என்ன நியாயம்?

1984-ல் பெங்களூரில், இந்தச் செடியைத் தின்னும் மெக்சிகோ வண்டு ஒன்றை விஞ்ஞானிகள் விட்டார்கள். அது ஓரளவு பலன் தந்தது. வண்டு வரும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பூப்பதற்கு முன்பே, ஈர மண்ணில், கையுறை போட்டு வேரோடு பிடுங்கினால் மட்க வைத்து உரமாக்கலாம். பூத்த பின் பிடுங்கினால் விதைதான் பரவும். மழைக்கு முன் தகரை விதையைத் தூவி வைத்தால், அது அடர்ந்து வளர்ந்து பார்த்தீனியத்தை அமுக்கிவிடும். மராத்தியர் 'டாக்ளா' என்று பொரியல் செய்யும் கீரை அதுவே.

ஆகவே, நமது சங்கங்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறை இதற்கு ஒதுக்க வேண்டும். கையுறை தரும்படி ஒப்பந்தக்காரரிடமும் வார்டு அலுவலகத்திலும் மனுக் கொடுக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்தது இந்தச் செடியின் குற்றமல்ல. நாம் தினமும் சமைக்கும் மிளகாயும் தக்காளியும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். வந்த இடத்தில் பக்கத்தில் இருப்பதை வாழவிடாததே குற்றம். பிழைக்க வந்த நமக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.