போனில் வராத பாடு

லைட்ஹவுஸ் குப்பத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் இருளர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, பழவேற்காடு ஏரி பற்றிய பள்ளிக் கட்டுரையை அம்மா போனில் சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதியிருந்தாள். டச்சுக் கல்லறை, பூநாரை எல்லாம் இருந்தன. ‘பாடு’ இல்லை. ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை கட்டலாம் என்று பட்டினவர்கள் தங்களுக்குள் முறைவைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. தலித்துகளும் இருளர்களும் அதற்கு வெளியே. அவள் பாட்டி கையால் தடவியே இறால் பிடித்தவர். பிள்ளைக்கு இதெல்லாம் தெரியும். “போன்ல வரலக்கா, அதான் எழுதல” என்றாள்.

விடுவது மட்டுமல்ல, மாற்றவும் செய்கிறது. பெங்களூரில் சமூகவியல் ஆய்வுக்கு விண்ணப்பித்த தலித் ஒருவர் ஆங்கிலத்தைத் திருத்தக் கொடுத்தால், சாட்ஜிபிடி அவர் குடும்பப் பெயரையே ‘சர்மா’ ஆக்கிவிட்டது. 2025-ல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ எழுதிய செய்தி. (நல்லவேளை, நமக்கு இனிஷியல்தான்.)

அதற்காகப் போனைப் பிடுங்கச் சொல்லவில்லை. டியூஷனுக்குக் காசில்லாத வீட்டில் ராத்திரி கணக்குச் சந்தேகம் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? அந்தக் கட்டுரைக்குப் பத்துக்குப் பத்து போட்டதுதான் உறுத்துகிறது. பாட்டியைக் கேட்டு மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் எத்தனை போடுகிறார், பார்ப்போம்.